இடது பக்கத்து பிரேக்

புதுச்சேரி முத்தியால்பேட்டை வாழ் பெருமக்களுக்கும், சென்னையில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் என் ஒரே மகனுக்கும் முறைப்படி தெரியப்படுத்துவது என்னவென்றால்: நம் வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளைக் காரின் கூரைமேல், எதிர்வீட்டுச் சாம்பல் பூனை நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிட்டது. இதுவரை அது சுற்றுலாப் பயணியாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தது. சாவிச் சத்தம் கேட்டாலே எகிறிக் குதித்து ஓடும். இப்போது நான் வாசலுக்கு வந்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, ‘நீதானா’ என்பதுபோல் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. பூனைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உனக்குத்தான் இன்னும் தெரியாது.

சரவணா, நான் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

நீ நம்பமாட்டாய். நம்பாததற்கு உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. உன் அம்மா வார்டு தேர்தலில் நிற்கப்போகிறாள், போஸ்டருக்கு உன் போட்டோவும் வேண்டும் என்று சொல்லி உன்னை லீவு போட்டுக் கிளம்பி வர வைத்தவன் நான்தான். நீ பையோடு வாசலில் நின்றபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “ஒங்களுக்கு வயசு பதினாறோட நின்னுபோச்சு, முடி மட்டுந்தான் மேல போயிருக்கு” என்று அன்றைக்கு அவள் சொன்னது நினைவிருக்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் கூடவே சிரித்துவிடுவேன், விஷயம் போய்விடும். பிறகு நீ என்னைச் சமாதானப்படுத்துவாய்: “அப்பா, ஒங்கள மாதிரி யாருப்பா ஓட்டுவா?” அந்த ஒரு வார்த்தைக்கு நான் கரைந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

போன மாதம் போனில் நீ கேட்டது சின்ன விஷயம்தான். ஊருக்கே திரும்பி வருகிறீர்கள். உனக்கு வேலை தெற்கே, தவளக்குப்பம் தாண்டி. மருமகளுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, விடிந்ததும் கிளம்பிவிடுவாள். யாழினிக்கு இடம் கிடைத்திருக்கும் பள்ளிக்கூடமோ வடக்கே காலாப்பட்டில். “வேன் எல்லாம் வேணாம்பா, நீங்க இருக்கீங்களே. காலையில கொண்டுபோய் வுட்டுட்டு, சாயந்தரம் கூட்டிக்கினு வந்துடுங்க” என்றாய். நீ முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து யாழினி, “தாத்தா, கார்ல பாட்டுப் போடுவியா?” என்று கத்தினாள். “பாட்டு என்னா, கச்சேரியே வைக்கிறேன்” என்றேன். நீ என்னிடம் எதையும் கேட்கிறவன் இல்லை. பல வருடத்துக்குப் பிறகு ஒன்று கேட்டாய். அதற்குத்தான் இப்போது இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பன் சாதாரண டிரைவர் இல்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராகச் சேர்ந்தவன், ஓய்வு பெறும்வரை அங்கேதான். இந்த ஊரில் பாதிப் பேருக்கு கிளட்சையும் பிரேக்கையும் அறிமுகம் செய்துவைத்தவன் நான். நேரு வீதியில் எவனாவது சிக்னல் போடாமல் திரும்பித் திட்டு வாங்கினால், அவன் என்னிடம் படித்தவனாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அத்தனை வருடத்தில் என் வண்டி ஒருவர் மேலும் இடித்ததில்லை. நான் வண்டியையும் ஓட்டினேன், வந்தவர்களையும் ஓட்டினேன். இரண்டிலும் காயம் இல்லை.

அந்த ஸ்கூல் கார்களில் இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். படிக்க வருகிறவர் வலது பக்கம் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாத்தியார் இடது பக்கம் உட்கார்ந்து, வேண்டிய நேரத்தில் தன் காலடியில் இருக்கும் பெடலை அழுத்துவார். அதை அழுத்தினால் வலது பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கும். மற்ற வாத்தியார்கள் அழுத்தும்போது கத்துவார்கள். நான் கத்தமாட்டேன். என்னுடையது சத்தம் போடாத கால். பெடலைப் பூப்போல அழுத்திவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, சுவரில் ஒட்டியிருக்கும் ஏதாவது ஒரு போஸ்டரை உன்னிப்பாகப் படிப்பேன். வண்டி நின்றதும், “அடேங்கப்பா, சரியான நேரத்துல புடிச்சீங்க சார்!” என்பேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தானே நிறுத்தியதாக நினைத்துப் பூரித்துப்போவார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தைரியமாக வருவார். குறும்பு என்று நினைத்தால் குறும்பு, பாடம் என்று நினைத்தால் பாடம்.

இதை உனக்குச் செய்யவில்லை என்று நினைக்காதே. நீ காலேஜ் முதல் வருடம் படிக்கும்போது நெல்லித்தோப்பு சிக்னலில் ஒரு பஸ் குறுக்கே பாய்ந்ததே, நீ கண்ணிமைக்கும் நேரத்தில் நிறுத்தினாயே, கல்யாணத்துக்கு முன்பே மருமகளிடம் சொல்லி அவளை அசத்தினாயே, அந்த பிரேக் என்னுடையதுப்பா. மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நீ மறுநாள் சாவியைத் தொட்டிருக்கமாட்டாய். ஒரு மாதத்தில் என் காலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அதுதான் கணக்கு. படிக்கிறவனுக்குப் பக்கத்தில் இருக்கும் கால் நாளுக்கு நாள் சும்மா இருக்க வேண்டும். அது முழுசாகச் சும்மா இருக்கிற அன்றைக்கு, போய் லைசென்ஸ் எடுத்துக்கொள் என்று அனுப்பிவிடலாம்.

நான் ஓய்வு பெற்றபோது ஸ்கூலில் புது வண்டிகள் வந்துவிட்டன. பழைய வெள்ளைக் காரை நானே எடுத்துக்கொண்டேன். பக்கவாட்டில் இருந்த எழுத்துகளை மெக்கானிக் சுரண்டி எடுத்தார், கூரைமேல் இருந்த போர்டைக் கழற்றினார். “இந்த எக்ஸ்ட்ரா பெடலையும் தூக்கிடட்டுமாண்ணே?” என்று கேட்டார். “இருக்கட்டும்பா, பேத்தி பொறந்தா கத்துக்குடுக்க ஆவும்” என்றேன். யாழினி அப்போது பிறக்கக்கூட இல்லை. இப்படித்தான் நம் வீட்டுக் காரில், உன் அம்மா உட்காரும் பக்கத்தில், அந்தப் பெடல் தங்கிப்போனது. இந்த மாதிரி ஒரு காரை வைத்துக்கொண்டு மனைவியை இடது பக்கம் உட்கார வைக்கிற தப்பை டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான்.

போன வருடத்திலிருந்து நான் முன்னைவிட நன்றாக ஓட்டுகிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. சிரிக்காதே. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஒருத்தன் குறுக்கே வருவான், ‘அட’ என்று நான் நினைப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். டீக்கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்: “நான் மிதிக்கவே வேணாம், நெனச்சாப் போதும். வண்டிக்கு என் மனசு தெரியும்.” அவர்களும் தலையாட்டினார்கள். இன்னொரு பக்கம், சனி ஞாயிறு சென்னைக் கார்கள் ஊரை அடைத்துக்கொள்கின்றன என்று அந்த இரண்டு நாள் வண்டியை எடுப்பதை விட்டேன். எதிரில் வருகிறவன் விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று பொழுது சாய்ந்தபின் எடுப்பதை விட்டேன். வலது பக்கம் திரும்புவதற்குப் பதில் மூன்று தடவை இடது பக்கம் திரும்பிப் போகக் கற்றுக்கொண்டேன். கட்டம் கட்டமாகத் தெரு போட்ட ஊர் இது, அப்படித் திரும்பினாலும் போகிற இடம் வந்துவிடும். முன் பம்பரில் கீறல் விழுந்தபோது, எவனோ நிறுத்தி வைத்திருந்த வண்டியில் உரசிவிட்டான் என்றேன். இதற்கெல்லாம் சேர்த்து நான் வைத்திருந்த பெயர் அனுபவம். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது சர்டிபிகேட் எழுதிய டாக்டர், “எல்லாம் நல்லாருக்கா?” என்று கேட்டார். “சூப்பரா இருக்கு” என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் என்னைப் பார்த்திருந்தால் நல்லா இருக்கா இல்லையா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பாவம், அவர் பேப்பரைத்தான் பார்த்தார்.

நீ போன் பண்ணிய வாரக் கடைசியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், கடலூர் ரோட்டில். முகூர்த்தத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பதால் என் சட்டத்தை நானே தளர்த்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன். தவளக்குப்பம் கூட்டுரோட்டில் நல்ல கூட்டம். என் கால் அப்போதுதான் பிரேக் பக்கம் போய், பெடலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அந்த நேரத்தில் பெடல் தானாகக் கீழே இறங்கியது. நான் அழுத்தவில்லை. அது என் காலுக்கு முன்னால் போனது. வண்டி சட்டென்று நின்றது. மூக்கு முனையில் ஓர் இளநீர் வண்டி. இளநீர்க்காரர் காயைச் சீவுகிற கத்தியோடு என்னைப் பார்த்தார்.

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு நகைக்கடை போஸ்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சரவணா, அந்த முகத்தை எனக்குத் தெரியும். அது என் முகம்.

“எத்தினி நாளா?” என்று கேட்டேன்.

“எது எத்தினி நாளா?”

“கால எடு மொதல்ல.”

“எடுக்கறேன். நீங்க ஒங்க காலை வையுங்க. ரெண்டு பேரும் எடுத்துட்டா எளநிக்காரரு நம்மளச் சீவிடுவாரு.”

ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, ஏதோ சாம்பாரில் உப்பு குறைந்த கதை போல எல்லாவற்றையும் சொன்னாள். “போன பொங்கலுக்கு அரியாங்குப்பம் பாலத்தாண்ட ஒரு நாயி வந்துது. நீங்க பாக்கல. என் காலு தானா போயிடுச்சு. திட்டப்போறீங்கன்னு பயந்துக்கினு இருந்தா, ‘பாத்தியா, எப்டி நிறுத்துனேன்’ன்னு மீசைய முறுக்குறீங்க. சரி, மனுசன் சந்தோசமா இருக்காருன்னு வுட்டுட்டேன். அப்பறம் கோயிலுக்குப் போனா ஒரு தபா, மார்க்கெட்டுக்குப் போனா ரெண்டு தபா. இப்பல்லாம் வூட்டுக்கு வந்து எறங்குனா கெண்டக்காலு வலி எடுக்குது.”

அந்தக் கெண்டைக்காலுக்கு ஒவ்வொரு வாரமும் தைலம் தேய்த்துவிட்டவன் நான். வயசாகிறது, கொஞ்சம் நட என்று அறிவுரை வேறு.

“ஏன் சொல்லல?” என்றேன்.

“சொன்னா வண்டிய ஓட்டமாட்டீங்க. வண்டிய ஓட்டலன்னா வூட்ல ஒக்காந்துக்கினு என்னைய ஓட்டுவீங்க. எது தேவலைன்னு பாத்தேன்.” சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்: “இன்னிக்கு நெனச்சா மெதுவாப் போட்டிருப்பேன். தெரியட்டும்னுதான் அழுத்திப் போட்டேன். கொயந்தைய ஏத்திக்கிறேன்னு அவன்கிட்ட சொல்லிட்டீங்களே. அதுக்குக் காலு எட்டாதுங்க.”

அன்று கல்யாண வீட்டில் மூன்று வகைப் பாயசம் போட்டார்கள், எனக்கு ஒன்றின் ருசியும் தெரியவில்லை.

நீ உடனே என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் கூடவே வரட்டும், முன்னால் உட்காரட்டும், யாழினி பின்னால் உட்காரட்டும் என்பாய். நானும் அதைத்தான் யோசித்தேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் உன் அம்மாவிடம் பிரேக் மட்டும்தான் இருக்கிறது, ஸ்டீயரிங் என்னிடம் அல்லவா இருக்கிறது? அவள் நிறுத்தலாம், திருப்ப முடியாது. முத்தியால்பேட்டையில் கிளம்பி, கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வருகிற ரோடு அது. சென்னை பஸ்கள் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு தோளை உரசிப் போகும். அங்கே நிறுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்தாமல் ஒதுங்கவும் தெரிய வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. படிக்க வந்தவர்களிடம் என் காலுக்கு வேலை குறைந்துகொண்டே போனது என்று சொன்னேன். உன் அம்மாவின் காலுக்கு வேலை கூடிக்கொண்டே போயிருக்கிறது. அவர்கள் போன வழியில் நான் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருக்கிறேன். ஒருவழிப் பாதைகள் நிறைந்த ஊர்க்காரனுக்கு இதுகூடப் புரியவில்லை என்றால் எப்படி?

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை இப்போதே மனதில் போட்டு வை. உனக்கும் ஒரு நாள் இது வரும். எந்த வயதில் என்று கேட்காதே. எண்பதில் அலட்டாமல் ஓட்டுகிறவரைப் பார்த்திருக்கிறேன், நாற்பதில் சாவியைப் பிடுங்க வேண்டியவனையும் பார்த்திருக்கிறேன். வயது கேட்கிறவர்களுக்கு லைசென்ஸில் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும். நீ பார்க்க வேண்டியது உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காலை. எல்லாக் காரிலும் இடது பக்கம் பெடல் இருக்காது. ஆனாலும் பயந்தவர் கால் தரையை அழுத்தும். மருமகள் பக்கத்து மிதியடி மட்டும் குதிகால் பட்டுத் தேய்ந்திருந்தால், அவள் வாயால் சொல்லாத ஒன்றை அது சொல்கிறது என்று அர்த்தம். அவள் பேச்சை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தால் கவனி. கைப்பிடியை எங்கே பிடிக்கிறாள் என்று கவனி. அவளிடம் ‘நான் நல்லா ஓட்டுறேனா’ என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் நம்மிடம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். ‘இன்னைக்கு எங்க பயந்த?’ என்று கேள். பயமே இல்லை என்றால் யோசித்துச் சொல்வாள். பயந்திருந்தால் யோசிக்காமல் சொல்வாள்.

நிறுத்துவதில் கேவலம் ஒன்றும் இல்லை என்பதையும் நான்தான் உனக்குச் சொல்லித்தர வேண்டும். மற்றவர்களைப் போல உன் அப்பனிடமிருந்து யாரும் சாவியைப் பிடுங்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கே, வாசற்படி ஏறியதும், நானாகவே சாவியை எடுத்து உன் அம்மாவிடம் நீட்டினேன். “இந்தாம்மா, வாத்தியார் ரிட்டயர்டு” என்றேன். ஒரு கவர்னர் பதவி விலகுகிற கம்பீரத்தோடு செய்தேன். அவள் வாங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். இப்போது மார்க்கெட்டுக்கு நடந்து போகிறேன். கோயிலுக்கு ஷேர் ஆட்டோ. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளையே விடுவதில்லை, அங்கே நானும் மந்திரியும் சமம்.

இதோடு முடித்து மடித்து அனுப்பியிருந்தால் இது ஒரு நல்ல கடிதமாக இருந்திருக்கும். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அந்தக் கவர்னர் வரிக்கு வந்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.

நான் கொடுத்தது ஒரு சாவி. காருக்கு இரண்டு சாவி உண்டு.

போன வாரம் ஒரு நாள் காலையில், கடற்கரைக்கு நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வாசலில் நிற்கிற கார் காணாமல் போனால் அவள் பார்க்கமாட்டாளா என்றுகூட யோசிக்கவில்லை, அவ்வளவு வெறி. இடது பக்கம் யாரும் இல்லாமல், பள்ளிக்கூடம் போகிற நேரத்தில், யாழினியின் பள்ளிக்கூடம்வரை ஒரே ஒரு தடவை போய் வந்துவிட்டால் போதும், உனக்குச் சொன்ன வார்த்தை வார்த்தையாகவே இருக்கும் என்று நினைத்தேன். நன்றாகத்தான் போனேன். கோட்டக்குப்பம் தாண்டினேன், பாட்டுக்கூடப் போட்டேன். பிள்ளைச்சாவடி பக்கத்தில் ஒரு சிறுமி. சீருடை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். நான் அவளைப் பார்த்தது முன்கண்ணாடி வழியாக இல்லை. கடந்து போன பிறகு, பின்னால் பார்க்கிற கண்ணாடியில்தான் பார்த்தேன். ரோட்டில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். என் வண்டி வேகம் குறையவே இல்லை. நின்றது அவள்தான், சரவணா.

காலாப்பட்டு வந்ததும் ஓரமாக நிறுத்தி சாவியை எடுத்தேன். வண்டியைத் திருப்பி ஓட்டிவர என்னால் முடியவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைக்கவே பிடிக்கவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு மெக்கானிக் போய்த்தான் வண்டியைக் கொண்டுவந்து விட்டார்.

கடற்கரைக்கு நடக்கப் போன மனுஷன் காலாப்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டு, “பேட்டரி போயிடுச்சு” என்றேன்.

“யாரு பேட்டரி?” என்று கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அந்தச் சிறுமியைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். யாழினிக்கு வேன் ஏற்பாடு செய்துவிடுப்பா.

அப்பா